டிரம்முக்குள் கிடந்த சாரம்

பேஸ் டிரம்முக்குள் கையை விட்ட ஹெப்ரான் சட்டென்று வெளியே இழுத்துக்கொண்டான். சாரம் இன்றைக்கும் ஈரமாக இருந்தது.

போன ஞாயிறும் ஈரம்தான். அதற்கு முந்தின ஞாயிறும் அப்படித்தான். மேலப்பாளையத்தில் மழை பெய்து ரொம்ப நாளாகிவிட்டது. பங்குனி வெயில் சிமெண்ட் ஷீட் கூரையில் ஏறி உட்கார்ந்து, அந்தப் பழைய தறி செட்டின் மாடியை அடுப்பங்கரை மாதிரி ஆக்கி வைத்திருந்தது. வெளியே கொடியில் போட்டால் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் காய்ந்துவிடும் துணி, வாரம் முழுக்கப் பூட்டிக் கிடந்த அறையில், டிரம்மின் வயிற்றுக்குள், பிழிந்தால் சொட்டும் ஈரத்தோடு கிடந்தது. கையை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனான். ஆற்று வண்டல் வாடை. அதோடு சேர்ந்து அழுகிய வாழை மட்டையின் வாடை.

"என்னலே, உள்ள பாம்பு கெடக்கா?" கிதாருக்குத் தந்தி மாற்றிக்கொண்டிருந்த சல்மான் ஃபாரிஸ் தலை நிமிராமல் கேட்டான்.

"சாரம் நனஞ்சிருக்குலே."

"உன் வேர்வதான். ஒரு பாட்டுக்கு ஒரு வாளி ஊத்துத."

ஹெப்ரான் உள்ளங்கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டான். பேஸ் டிரம்மின் சத்தம் கும்மென்று இழுத்துக்கொண்டு போகாமல் நறுக்கென்று நிற்பதற்காக, டிரம் அடிக்கிறவர்கள் எல்லோரும் உள்ளே தலையணையோ பழைய துணியோ வைப்பதுதான். இவர்கள் வைத்திருந்தது சிவகணேஷின் சாரம். லுங்கிக்கு அந்த ஊரில் சாரம் என்றுதான் பேர். ஊதாவில் வெள்ளைக் கட்டம் போட்டது, ஃபாரிஸின் வாப்பா கடையிலேயே எடுத்தது. சிவகணேஷ் கடைசியாகக் கட்டியிருந்ததும் அதுதான்.

பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கும்போது ஹெப்ரானும் சிவகணேஷும் சேர்ந்து ஆரம்பித்த மெட்டல் இசைக்குழுதான் 'கசம்'. ஹெப்ரான் அப்போது சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தான். சபைப் போதகரான ஐயர் பிரசங்கத்துக்கு எழுந்து போகும்போதெல்லாம் அவன் காதருகே குனிந்து, "பைய அடிங்க தம்பி, கர்த்தருக்குக் காது கேக்கும்" என்று சொல்லிவிட்டுப் போவார். சிவகணேஷ் ஸ்ரீவைகுண்டத்துக்காரன். வீட்டில் வாழை விவசாயம். பேஸ் கிதாரைத் தார் வெட்டுகிற வேகத்தில் வாசிப்பான். பேர் வைத்ததும் அவன்தான். ஆற்றில் ஆழம் தெரியாத பள்ளத்துக்கு அவன் ஊரில் கசம் என்பார்கள். "மேல பாத்தா தண்ணி சும்மா கெடக்கும்லே. காலு வச்சாத்தான் தெரியும். நம்ம பாட்டு அப்படி இருக்கணும்" என்றான்.

அப்புறம் ஃபாரிஸ் வந்தான். கடைசியாக வந்தது ஹெப்ரானின் சித்தப்பா மகள் டெபோரா. சர்ச் பாடகர் குழுவில் உச்சக் குரல் பாடுகிறவள். முதல் நாள் அவள் அடிவயிற்றிலிருந்து உறுமிக் காட்டியபோது ஃபாரிஸ் டீ கிளாசைக் கீழே போட்டுவிட்டான். கல்லூரி விழாவில் இரண்டாவது பாட்டிலேயே மைக்கைப் பிடுங்கினார்கள். யாரோ அவளுக்கு வலிப்பு வந்துவிட்டது என்று நினைத்துச் சாவிக் கொத்தும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு மேடைக்கு ஓடிவந்தார்கள். அதைச் சொல்லிச் சொல்லி வருஷக்கணக்காகச் சிரித்தார்கள். அப்போது அவர்கள் பாட்டெல்லாம் வேகம். 'மடை' என்ற பாட்டு ஆரம்பித்தால் முடிகிறவரைக்கும் மூச்சு விட இடம் இருக்காது.

முந்தின வருஷம் மார்கழியில் ஆற்றில் வெள்ளம் வந்தது. வாத்தியங்கள் எல்லாம் ஸ்ரீவைகுண்டத்தில், சிவகணேஷின் மாமா வாழைத்தார் குடோனில் இருந்தன. அவற்றை மேலே தூக்கி வைக்கப் போனவன் திரும்பி வரவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு வாழைத் தோட்டத்துச் சகதியில் கிடைத்தான். ஹெப்ரானும் ஃபாரிசும் குடோனுக்குப் போய்ப் பார்த்தபோது பேஸ் டிரம் மட்டும் கூரை உத்தரத்தில், ஊதாச் சாரத்தால் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. முடிச்சு இறுகிக் கிடந்தது. அவிழ்க்க வெகுநேரம் ஆனது.

அந்தச் சாரத்தைப் பற்றி அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை. ஹெப்ரான் வீட்டில் தாத்தாவின் வாட்ச், கோட்டு, கண்ணாடி எல்லாம் இன்றைக்கும் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. செத்தவர் துணியை வைத்துக்கொள்வது அவனுக்குத் தப்பாகவே தெரியவில்லை. ஃபாரிசுக்கும் தெரியவில்லை. துவைத்துக் காயவைத்து டிரம்முக்குள் வைத்தார்கள். அவனும் கூட இருந்த மாதிரி இருக்கட்டுமே என்று.

அவன் இடத்தில் வேறு ஆளைச் சேர்க்கவும் யாருக்கும் மனசில்லை. ஃபாரிஸின் லேப்டாப்பில் சிவகணேஷ் வாசித்துப் பதிந்த பேஸ் தனியாக இருந்தது. ஹெப்ரான் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அதைக் கேட்டபடி அடிப்பான். மற்ற இருவரும் அவன் அடியைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். ஆக, கசத்தில் இப்போதும் நாலு பேர். தாளம் சொல்வது மட்டும் செத்தவன்.

பாட்டின் வேகம் குறைய ஆரம்பித்தது எப்போது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

யாரும் பேசி முடிவெடுக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு மயிரிழை. சித்திரையில் வேகமாக இருந்தது ஐப்பசியில் நடையாகிவிட்டது. தை மாதத்தில் டெபோராவின் ஒரு உறுமல் முடிவதற்குள் தெருவில் ஒரு சவ ஊர்வலம் கடந்து போய்விடலாம் போலிருந்தது. இணையத்தில் போட்ட பாட்டுக்குக் கேட்கிறவர்கள் கூடினார்கள். இடுப்பளவு தண்ணீரில் நடக்கிற மாதிரி இருக்கிறது என்று யாரோ எழுதியிருந்தார்கள். பெங்களூரில் பெரிய விழாவுக்குக் கூப்பிட்டார்கள்.

"இதாம்லே நம்ம சவுண்டு" என்றான் ஃபாரிஸ். "முன்னாடி சும்மா கோழியத் தொரத்துன கணக்கா ஓடிக்கிட்டு கெடந்தோம்."

"அவன் இப்படியா வாசிச்சான்?"

"பின்ன வேற யாரு வாசிச்சா? கூட்டாளி போயிட்டான்லா. கேக்கவனுக்கு மனசு கனக்கத்தான் செய்யும்."

அன்றைக்கு ஹெப்ரான் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தான். மூன்று நிமிஷத்துக்குள் முடிந்துவிடும் 'மடை', திரையில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நீண்டு, நகர்த்த நகர்த்த வந்துகொண்டே இருந்தது. ஃபாரிஸ் எட்டிப் பார்த்துவிட்டு, தான்தான் ஏதோ பட்டனைத் தட்டியிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அந்த வாரம்தான் ஹெப்ரான் வேலை பார்க்கிற உரக்கடையில் ஏணியிலிருந்து விழுந்தான். கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது, அவ்வளவுதான். கடை அண்ணாச்சி ஆட்டோவில் ஏற்றிப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டர் மணிக்கட்டைப் பிடித்தார், விட்டார், மறுபடி பிடித்தார்.

"தம்பி, ஓட்டப் பந்தயத்துக்குப் போவீங்களோ?"

"இல்ல சார். டிரம்ஸ் வாசிப்பேன்."

"நாடி நாப்பத்தஞ்சுதான் இருக்கு. ஓடுத பிள்ளைகளுக்கு இப்படி இருக்கும். உங்களுக்கு ஏன் இருக்குன்னு தெரியலயே."

நெஞ்சில் வயர் ஒட்டிப் படுக்கப் போட்டார்கள். தலைமாட்டில் மானிட்டர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு பீப். ஃபேன் சுற்றுகிற சத்தம், டெட்டால் வாடை, பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரிக்கிற வாடை. அப்புறம் ஒரு பீப். அவன் அதைக் கேட்டுக்கொண்டே கிடந்தபோது போர்வைக்குள் தன் வலது கால் தானாக அசைவதைக் கவனித்தான். பெடலை மிதிக்கிற அசைவு. ஒவ்வொரு பீப்புக்கும் சரியாக ஒரு மிதி.

அது 'மடை'. போன ஞாயிறு வாசித்த அதே வேகம்.

அடுத்த ஞாயிறு ஹெட்போனை மாட்டியதும் விரலை மணிக்கட்டில் வைத்துக்கொண்டான். சிவகணேஷின் தந்தி அதிர்ந்தது. நாடி அதிர்ந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு நூல்கூட நுழையாது. தந்தி போன வாரத்தைவிடக் கொஞ்சம் தாமதித்து வந்தது. நாடியும் அதற்காகக் காத்திருந்து வந்தது. இப்படியே போனால் ஒரு நாள் பாட்டு நிற்கும். அன்றைக்குத் தன் நெஞ்சும் நிற்கும் என்று அவனுக்குத் தெரிந்துபோனது. அதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்பதும் தெரிந்தது.

இன்றைக்கு மூன்றாவது தடவையாகச் சாரம் ஈரம்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் போன் அடித்தது. சிவகணேஷின் அம்மா. கடைசியாகப் பேசிப் பல மாதமாகியிருந்தது.

"ஏய்யா ஹெப்ரானு, நல்லாருக்கியாய்யா?"

"நல்லாருக்கேம்மா. சொல்லுங்க."

"அவன் கனவுல வாறாம்யா. வாசல்ல நிக்கான். உள்ள வாடான்னா வர மாட்டேங்கான். இடுப்புல துணி இல்லாம எப்படிம்மா வருவேங்கான்."

ஹெப்ரான் வண்டியை ஓரம் கட்டினான்.

"கட்டுன துணியக் கூட வச்சு எரிக்கணும்யா. அவனுக்கு அது இல்லாமப் போச்சு. அந்தச் சாரம் குடோன்ல எங்கயும் கெடந்துச்சா? நீங்கதான மொதல்ல போனீங்க."

"பாக்குதேம்மா."

"கெடச்சா தீயில போட்டுருங்கய்யா. ஆத்துல மட்டும் விட்டுராதீங்க. அவனக் கொண்டு போன ஆறு அது."

அவன் வண்டியைத் திருப்பினான். ஃபாரிஸ் வீட்டில் சாவி வாங்கி, மாடியேறி, டிரம்முக்குள்ளிருந்து சாரத்தை உருவி பாலிதீன் பையில் போட்டான். துணி உருவ உருவ வந்துகொண்டே இருந்தது. முழங்கை வரைக்கும் சில்லிட்டது. கருப்பந்துறை ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் மங்கிக்கொண்டிருந்தது. தூரத்தில் இரண்டு பேர் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். மணலில் சாரத்தை விரித்து, வண்டியிலிருந்து பாட்டிலில் பிடித்த பெட்ரோலை ஊற்றித் தீக்குச்சியைப் போட்டான்.

பெட்ரோல் எரிந்தது. நீலமாக, துணிக்கு மேலே, துணியைத் தொடாமல். அணைந்தது. சாரம் கருகக்கூட இல்லை. இன்னும் ஊற்றினான். எரிந்தது. அணைந்தது. பாட்டில் காலியானது. சாரத்தின் ஓரங்களிலிருந்து தண்ணீர் கசிந்து மணலில் பரவியது. மணல் குடிக்கக் குடிக்க மறுபடியும் கசிந்தது.

காயவைத்துப் பிறகு எரித்திருக்கலாம். வீட்டுக்கு எடுத்துப்போய் வெயிலில் போட்டு நாளைக்குப் பார்த்திருக்கலாம். ஆனால் அதை மறுபடி பைக்குள் எடுத்து வைக்க, அந்த ஈரத்தை வண்டியில் தொங்கவிட்டு ஓட்ட, அவனால் முடியாது. நெஞ்சு ஒரு தடவை அடித்தது. அடுத்த அடி வர நேரமாயிற்று. அவன் சாரத்தை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினான். அம்மா சொன்னது ஞாபகத்தில் இருந்தது. நன்றாகவே இருந்தது. ஆற்றில் எறிந்தான்.

துணி மிதக்கும் என்று நினைத்தான். மிதக்கவில்லை. விழுந்த இடத்திலேயே, ஓட்டத்தோடு ஒரு சாண் கூடப் போகாமல், கீழே நின்ற யாரோ கையில் வாங்கிக்கொண்ட மாதிரி உள்ளே போனது.

அன்றைக்கு நன்றாகத் தூங்கினான். திங்கள், செவ்வாய் எல்லாம் ஒன்றுமில்லை. நாடி கூடியிருந்தது. கடையில் மூட்டை தூக்கினான். அண்ணாச்சி, "மூஞ்சியில இப்பத்தாம்டே ரத்தம் ஓடுது" என்றார். சிவகணேஷின் அம்மாவுக்குப் போன் செய்து, எரித்தாயிற்று என்று சொல்லிவிட்டான். அவர் அழுதார். வெகுநேரம் அழுதார்.

ஞாயிற்றுக்கிழமை மாடிக்கு வந்ததும் லேப்டாப்பைத் திறந்து சிவகணேஷின் டிராக்குகள் எல்லாவற்றையும் அழித்தான். ஃபாரிஸ் பாய்ந்து வருவதற்குள் முடிந்துவிட்டது.

"ஏலே மூதி! பெங்களூருக்கு என்னத்த வச்சு வாசிக்க? கோட்டி கீட்டி புடிச்சிருக்கா ஒனக்கு?"

"ஹெட்போன் இல்லாம அடிக்கேன். பழைய வேகத்துல போவோம்."

"அந்த வேகத்துக்குத்தாம்லே ஒரு பய நம்மள மதிக்கல."

"விடுங்கண்ணே" என்றாள் டெபோரா. அவள் ஹெப்ரானையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு மாசமா எங்கண்ணன் மூஞ்சி சாம்பக் கலருல கெடந்துச்சு. இன்னைக்குத்தான் மனுசனா இருக்கான். அடிக்கட்டும். எனக்கும் இழுத்து இழுத்து தொண்ட செத்துப்போச்சு."

ஃபாரிஸ் கிதாரை மாட்டினான். "ஒரு தடவதான். நல்லா இல்லன்னா ரெண்டு பேரையும் தறியில போட்டுத் துண்டா நெய்ஞ்சிருவேன்."

ஹெப்ரான் குச்சிகளைத் தட்டி 'மடை'யை ஆரம்பித்தான். முதலில் கால் தயங்கியது. பிறகு பிடித்துக்கொண்டது. வெள்ளத்துக்குப் பிறகு போட்ட மலிவான, கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் தோலில் பெடலின் உருண்டை திம்திம்திம் என்று இறங்கியது. சுவரில் ஒட்டிய முட்டை அட்டைகள் நடுங்கின, ஷீட் கூரை நடுங்கியது, டெபோரா கண்ணை மூடிக்கொண்டு கல்லூரி மேடையில் உறுமின அதே உறுமலை உறுமினாள், ஃபாரிஸ் கோபத்தை மறந்து தலையை ஆட்டிக்கொண்டே அவனைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். ஹெப்ரானுக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. படபடவென்று. அவனுக்கு அழுகை வந்தது. உயிரோடு இருக்கிறேன் என்று கத்த வேண்டும் போலிருந்தது.

பாட்டு நடுவில் இருக்கும்போதே பள்ளிவாசலிலிருந்து தொழுகைக்கான பாங்கு கேட்டது.

ஃபாரிஸ் கையைத் தூக்கினான். பாங்கு சொல்லும்போது வாத்தியம் கூடாது. இந்த மாடியை அவன் வாப்பா கொடுத்தபோதே போட்ட ஒரே கட்டளை அது. எத்தனை வேகத்தில் இருந்தாலும் நிறுத்திவிடுவார்கள். டெபோரா பழக்கத்தில் துப்பட்டாவைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். ஃபாரிஸ் தந்திகளை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு தலை குனிந்து நின்றான். ஹெப்ரான் குச்சிகளை மடியில் வைத்தான். காலைப் பெடலிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தான்.

பாங்கு முடிந்தது. ஃபாரிஸ் உதட்டுக்குள் துஆ ஓதிக்கொண்டிருந்தான். அறை அமைதியாக இருந்தது. தெருவில் ஒரு சைக்கிள் போனது. எங்கேயோ எண்ணெயில் வடை விழுகிற சத்தம்.

திம்.

ஹெப்ரான் காலைப் பார்த்தான். தரையில் இருந்தது. பெடலின் உருண்டை தோலைத் தொடாமல் நின்றது.

ஃபாரிஸ் நிமிரவில்லை. டெபோராவும் திரும்பவில்லை. அவர்களுக்குக் கேட்கவில்லை.

அப்போதுதான் வாடை வந்தது. வண்டல். வாழை மட்டை.

டிரம்மின் முன்பக்கம் மேற்கு ஜன்னலைப் பார்த்து இருந்தது. முன் தோலில் இருந்த வட்ட ஓட்டை வழியாகச் சாயங்கால வெயில் உள்ளே விழுந்து, அவன் பக்கத்துத் தோலை ஆரஞ்சு நிறத்தில் எரியவிட்டிருந்தது. உள்ளே ஒன்றும் இருக்கக் கூடாது. வெறும் வெளிச்சம்தான் இருக்க வேண்டும்.

கீழே மடிப்பு மடிப்பாக ஏதோ கிடந்தது. ஊதா. வெள்ளைக் கட்டம்.

விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. டிரம்முக்கு அடியில் விரித்த கம்பளம் கறுத்தது.

அதற்கு மேலே நிழல். தோலின் உள்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு. ஐந்து நிழல். நீளம். ஊறிப்போன நுனிகள். உருண்டை வந்து படுகிற இடத்தில் சரியாக.

விரல்கள்.

நடு விரல் உயர்ந்தது. இறங்கியது.

திம்.

அவன் நெஞ்சுக்குள்ளும் ஒரு தடவை. அந்த ஒரே தடவை.

"ஏண்ணே, பாங்கு முடிஞ்சிட்டு" என்றாள் டெபோரா. குரல் எங்கேயோ மேலேயிருந்து வந்தது. தண்ணீருக்கு அந்தப் பக்கமிருந்து. "ஆரம்பிப்போமா?"

வாயைத் திறந்தான். மூச்சு வரவில்லை. குச்சிகள் மடியிலிருந்து உருண்டு விழுந்தன. விழுந்த சத்தம் கேட்கவில்லை.

விரல் மறுபடியும் உயர்ந்தது.

இறங்கும் என்று காத்திருந்தான்.

ஆரஞ்சு வெளிச்சத்தில், தோலுக்கு ஒரு நூல் உள்ளே, நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீரோடு, அது உயர்ந்தபடியே நின்றது.